மூச்சடக்கிக் கடக்கும் தோட்டம்

செடி சிவந்துவிட்டது என்று சுந்தரவடிவேல் போனில் சொன்னபோது தமயந்தி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிய குழியிலேயே மறுபடியும் ஊற்றினாள். மாவு வழிந்து அடுப்பு மேடையில் இறங்கியது.

"எந்த எடத்துலங்க சார்?"

"மூணாவது வளைவுங்க மேடம். மரமல்லிக்குக் கீழ ஒரு பெஞ்சு இருக்குதில்ல, அதுக்குப் பின்னால. வேலி பூராவும் இல்ல, ஒரு முழ நீளத்துக்குத்தான். ஆனா நல்லாவே செவந்திருக்குது. கொஞ்சம் சீக்கிரம் வாங்க. எல்லாரும் கீழ எறங்கி வந்துட்டாங்க."

சுந்தரவடிவேல் நொய்யல் நிழல் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். எதையும் தேதியும் நேரமும் போட்டு எழுதி வைக்கிற மனிதர். அவர் குரலில் பயம் இருந்தது. அதற்குக் கொஞ்சம் அடியில், இத்தனை நாள் சும்மா நின்ற செடி ஒருவழியாக வேலை செய்துவிட்டது என்ற திருப்தியும் இருந்தது போலத் தமயந்திக்குப் பட்டது.

தோட்டங்களை வரைவது அவள் தொழில். கோவையில் அவள் போட்ட தோட்டங்கள் முப்பதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது காளப்பட்டிக்கு அப்பால் இருக்கும் இந்த நொய்யல் நிழல்தான். நானூறு வீடுகள், நடுவில் இரண்டு ஏக்கர் வெற்றிடம். சங்கத்தார் முதலில் நீரூற்று கேட்டார்கள். டால்பின் பொம்மை கேட்டார்கள். கல் மண்டபம் ஒன்றும் கேட்டார்கள். தமயந்தி எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "செடி மட்டும் போதும். மூணு வருஷம் பொறுங்க, அப்புறம் சொல்லுங்க" என்றாள். வாசலிலிருந்து வீடுகளுக்குப் போகும் பாதையை நேராகப் போடாமல் ஐந்து வளைவுகளாக வளைத்தாள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு மரம். அதன் கீழ் ஆள் உயரத்துக்கு நந்தியாவட்டை, அதற்குக் கீழே இடுப்பளவு இட்லிப்பூ, தரையோடு தரையாகப் புல். கோடையில் கொன்றை ஓய்ந்தால் மழைக்காலத்தில் மரமல்லி தொடங்கும். எந்த மாதத்தில் வந்தாலும் ஏதாவது ஒரு வளைவு பூத்திருக்கும். வேலை முடிந்து திரும்புகிறவர்கள் வீட்டுக்குப் போவதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகட்டும் என்பதற்காகவே அந்தத் தோட்டத்தை வரைந்தாள்.

பெஞ்சுகளுக்குப் பின்னால் வேலியாக நிற்பதுதான் காவல்செடி. பார்க்கச் சாதாரண வேலிச்செடி மாதிரியே இருக்கும். பளபளவென்று சின்னச் சின்னப் பச்சை இலைகள். காசநோய் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டால் அந்த இலைகள் சிவக்கும்.

அதை உருவாக்கியவள் பெனாசிர், தமயந்தியோடு வேளாண் கல்லூரியில் படித்தவள். அவள் அதைப் பற்றிச் சொன்ன அன்றே தமயந்தி தன் தோட்டத்தில் அதற்கு இடம் கொடுத்துவிட்டாள். காரணம் சேனாபதி. அவளுடைய அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன். நான்கு மாதம் இருமினான். தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தான். கண்டுபிடித்தபோது நோய் மூளை வரை போயிருந்தது. இருபத்தொன்பது வயதில் இறந்துபோனான். பக்கத்து நாற்காலியில் நான்கு மாதம் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே அவள் வேலை பார்த்திருந்தாள்.

வண்டியை எடுப்பதற்கு முன் பெனாசிரை அழைத்தாள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லு தமா," என்றாள் பெனாசிர். "இதுக்கு முன்னாடி அங்க எத்தன தடவ செவந்துச்சு?"

"ஒரு தடவகூட இல்ல. நட்டு ரெண்டரை வருஷமாச்சு, இதுதான் மொத தடவ."

பெனாசிர் வாய்விட்டே கணக்குப் போட்டாள்.

"நானூறு வீடு. வேலைக்கு வர்றவங்க ஒரு முந்நூறு பேர் இருப்பாங்களா? ரெண்டரை வருஷத்துல ஒரு இலைகூட செவக்கலையா? இன்னைக்குச் செவந்ததைவிட எனக்கு இதுதான் பயமா இருக்கு. செடி சரியாத்தான் இருக்கான்னு பாக்கணும்."

"சரி, இப்ப என்ன பண்ணட்டும்?"

"ஒப்பந்தத்துலயே எழுதிக் கொடுத்திருக்கேனே. அந்தப் பக்கம் உக்காந்தவங்க யாரா இருந்தாலும் போய் சளிப் பரிசோதனை பண்ணிக்கங்கன்னு பொதுவா ஒரு அறிவிப்பு. அவ்வளவுதான். ஆளைத் தேடக் கூடாது. பத்து நிமிஷமாவது பக்கத்துல உக்காந்து மூச்சு விட்டாத்தான் இலைக்குத் தெரியும். சும்மா நடந்து போனா ஒண்ணும் ஆகாது. நிறம் வர்றதுக்கு அஞ்சாறு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அந்த பெஞ்சுல எத்தன பேர் மாறி மாறி உக்காந்திருப்பாங்க? யாரோ ஒருத்தர்னுதான் செடி சொல்லும், யாருன்னு சொல்லாது."

தமயந்தி போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது வளைவில் கூட்டம் இருந்தது. ஆனால் பெஞ்சைச் சுற்றிப் பத்தடி தூரத்துக்கு யாருமே இல்லை. எல்லார் முகத்திலும் துணி. சிவந்த இலைகள் காலை வெயிலில் அழகாகவே இருந்தன. அப்படித் தோன்றியதற்காக அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சுந்தரவடிவேல் கையில் ஒரு தாள் வைத்திருந்தார். "கேமரா பதிவ விடிகாலைல இருந்து உக்காந்து பாத்துட்டனுங்க மேடம். நேத்து முழுக்க அந்த பெஞ்சுல உக்காந்தது ஏழு பேரு."

"சார், ஆளைத் தேட வேண்டாம்னு…"

"தேடாம எப்படிங்க? கொழந்தைக இருக்கற எடம்." அவர் வாசிக்க ஆரம்பித்தார். பி பிளாக் நடராசன், காலை ஏழு மணி. யோகா டீச்சர். டியூஷன் முடிந்து உட்கார்ந்த இரண்டு பெண்கள். பால்காரர். ஆறாவதாக வீட்டு வேலை செய்யும் மாராள், மதியம் சோறு சாப்பிட்டது, இருபது நிமிடம். "ஏழாவது…" அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானுங்க மேடம். நாலரைலருந்து அஞ்சு வரைக்கும்."

நேற்று கிளை கழிப்பதைப் பார்க்க வந்து, களைப்பில் உட்கார்ந்தது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்றிருந்தவர்கள் ஆளுக்கு இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

பரிசோதனை முடிவு வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் தமயந்தி தன் வீட்டிலேயே விருந்தாளி போல இருந்தாள். கணவர் பிரபாகர் நல்ல மனிதர். "உனக்கு ஒண்ணும் இருக்காது" என்றுதான் சொன்னார். ஆனால் அவள் குடித்த டம்ளரைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். ஜன்னலைத் திறந்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் தொண்டையைச் செருமினால் பக்கத்து அறையில் அவருடைய போன் பேச்சு நின்றது. சேனாபதிக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ, அதனால்தான் தூசு என்று சொன்னானோ என்று நினைத்தாள். நோய் இருக்குமோ என்ற பயத்தைவிட, இருந்தால் யார் யாருக்குத் தெரியும் என்ற பயமே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

நோய் இல்லை என்று வந்தது. தாள் கைக்கு வந்ததும் அதைப் படமெடுத்து குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் தன் மேல் வெறுப்பு வந்தது. மற்ற ஐந்து பேரும் அதையே செய்திருந்தார்கள். அறுவருக்கும் ஒன்றுமில்லை.

மாராள் மட்டும் பரிசோதனைக்கு வரவில்லை. பட்டியல் வாசித்த அன்று மதியத்துக்கு மேல் அவளை யாரும் பார்க்கவில்லை. போன் அணைந்திருந்தது. அவள் வேலை செய்த ஐந்து வீடுகளிலும் தரையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப தெளிவாத் தெரிஞ்சுபோச்சுங்க," என்றார் சுந்தரவடிவேல். அவர் தமயந்தியைச் சங்க அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். "செடி நல்லாத்தான் வேலை செய்யுது. நாமதான் சரியான எடத்துல வெக்கல. வேலைக்கு வர்றவிங்களுக்குப் பின்வாசல்ல தனியா ஒரு வழி போடலாம்னு கமிட்டில பேசிட்டோம். ரெண்டு பக்கமும் காவல்செடி, நடுவுல ஒருத்தர் போற அளவுக்குப் பாதை. வந்ததும் பத்து நிமிஷம் அதுக்குள்ள உக்காந்துட்டு உள்ள வரோணும். மறுநாள் செவந்திருந்தா முந்தின நாள் வந்தவிங்கள நிறுத்திடலாம். நீங்க ஒரு பிளான் போட்டுக் குடுங்க. நீங்க போட்டாத்தான் பாக்க லட்சணமா இருக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தாள். முடியாது என்று சொன்னால் வேறு யாராவது போட்டுக் கொடுப்பார்கள்.

மாலை ஐந்தரை. வேலை முடிந்து பெண்கள் வெளியேறும் நேரம். பாதையில் அவர்கள் வருவதைப் பார்த்தபடி நின்றாள். முதல் வளைவுக்கு வந்ததும் ஒருத்தி ஆழமாக மூச்சை இழுத்து வாயை இறுக்கிக்கொண்டாள். பிறகு ஓட்டமும் நடையுமாக வந்தாள். பின்னால் வந்தவளும் அப்படியே. ஐந்தாவது வளைவைத் தாண்டி வாசலுக்கு வந்த பிறகுதான் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சுவிட்டார்கள். சைக்கிளில் வந்த பிள்ளைகளும் கன்னத்தை உப்பிக்கொண்டு கடந்தார்கள். பி பிளாக் நடராசன் கைக்குட்டையை மூக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டு போனார். நடந்து போனால் ஒன்றும் ஆகாது என்று தமயந்தி குழுவில் இரண்டு முறை எழுதியிருந்தாள். யாரும் கேட்கவில்லை. பூத்துக் கிடந்த மரமல்லிக்குக் கீழே ஒருவர்கூட மூச்சு விடவில்லை.

தாராபுரத்துக்குக் கோயில் நோம்பித் திருவிழாவுக்குப் போயிருந்த தோட்டக்காரர் ஆறுச்சாமி மறுநாள் காலை திரும்பி வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. அந்தத் தோட்டத்தில் முதல் குழி வெட்டிய நாளிலிருந்து இருப்பவர். தமயந்தி அவரை மூன்றாவது வளைவில் பார்த்தாள். காய்ந்து உதிரத் தொடங்கிய சிவந்த இலைகளுக்கு முன் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அஞ்சு நாளுத்தானுங்க அம்மிணி போனேன்," என்றார். "அதுக்குள்ள இப்படி ஆகிப்போச்சு."

"நீங்க இருந்திருந்தா மட்டும் செவக்காதாங்கண்ணா?"

அவர் அவளை வேலியிலிருந்து தள்ளி, உரக்குழி பக்கமாக அழைத்துப் போனார்.

"செவந்திருக்குமுங்க. விடியறதுக்குள்ள நான் கிள்ளியிருப்பேன்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு வேலியைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டரை வருடம். ஓர் இலைகூட இல்லை.

"எத்தன தடவண்ணா?"

"பத்துப் பேருக்குக் கிள்ளியிருக்கனுங்க. இந்த வேலியத் தெனமும் தொடறவன் நான் ஒருத்தன்தான். யாரு எந்த பெஞ்சுல எப்ப உக்காருவாங்கன்னு எனக்குத் தெரியும். ரெண்டு மூணு நாளு பாப்பேன். ஆளு இன்னாருன்னு தெரிஞ்சதும் தனியாக் கூப்புட்டு, 'ஒருக்கா கவர்மெண்டு ஆசுபத்திரில சளியக் காட்டிட்டு வந்துரு'ம்பேன். மாத்திரைய வாங்கிட்டு வந்து காட்டச் சொல்லுவேன். ஆறு மாசமும் விடமாட்டேன்."

"போகலைன்னா? நீங்க ஆள மாத்திச் சொல்லியிருந்தா? அவங்க வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒட்டியிருந்தா?" தமயந்தியின் குரல் உயர்ந்துவிட்டது. "இது விளையாட்டு இல்லீங்கண்ணா. நோய மறைச்சிருக்கீங்க."

"நோய மறைக்கலீங்க. ஆளத்தான் மறைச்சேன்." அவரும் விடவில்லை. "பத்துல ஒம்பது பேரு முழுசா மருந்து சாப்புட்டுட்டாங்க. வீட்டுல இருக்கறவிங்களையும் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்காங்க. சி பிளாக்ல ரெண்டு வீட்டுக்காரங்களே இருக்காங்க. யாருன்னு கேக்காதீங்க. மாராளும் ஒருத்தி. அவளுக்குப் போன வருசமே சரியாப் போச்சு."

"அப்ப இது மாராள் இல்லையா?"

"இல்லீங்க. பட்டியல்ல தம் பேரக் கேட்டதும் பழசு வெளிய வந்துரும்னு பயந்திருப்பா. அதான் போயிட்டா."

"பத்தாவது யாரு?"

ஆறுச்சாமி சுருட்டிய துண்டை விரித்தார், மறுபடி சுருட்டினார். "அந்த ஒருத்தர்கிட்டத்தானுங்க எனக்குச் சொல்ல தைரியம் வல்ல. மூணு வாரமா இந்த பெஞ்சுலதான் கிள்ளிட்டிருக்கேன். செயலாளர் பொண்ணு. தெனமும் சாயங்காலம் நடந்துட்டு வந்து இங்கதான் உக்காருது. மாசமா இருக்கற புள்ள. நான் தோட்டக்காரன். கிட்டப் போயி எப்படிங்க சொல்றது? இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிட்டே போயிட்டேன். அது தப்புத்தானுங்க. அதுக்கு நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

மூன்று வாரம். வயிற்றுப் பிள்ளை. சுந்தரவடிவேல் வாசித்த பட்டியலைத் தமயந்தி மனதில் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அவர் மகள் நிவேதாவின் பெயர் அதில் இல்லை.

பதினோரு மணிக்கு அவர் சங்க அலுவலகத்தில் இருப்பார். தமயந்தி நேராக அவர் வீட்டுக்குப் போய் மணியை அடித்தாள். மின்தூக்கியில் ஏறும்போதே எப்படிச் சொல்வது என்று நான்கு விதமாக யோசித்திருந்தாள். கதவைத் திறந்த நிவேதா அவளைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துவிட்டாள். ஏழு மாத வயிறு. கண்ணுக்குக் கீழே கருமை. அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. பிரசவத்துக்கு ஓசூரிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"எனக்குத் தெரியும் ஆண்ட்டி," என்றாள், தமயந்தி வாயைத் திறப்பதற்குள். "நான்தான்."

"எத்தன நாளா இருமல்?"

"ஓசூர்லயே இருந்துச்சு. மாசமா இருந்தா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். இங்க வந்தப்புறம் சாயங்காலமானா காய்ச்சல். அந்தச் செடியப் பத்தி அப்பா சொல்லிட்டே இருப்பார். உக்காரும்போதெல்லாம் மூச்சப் புடிச்சுட்டுத்தான் உக்காருவேன் ஆண்ட்டி." அவள் அழவில்லை, மூச்சு வாங்கியது. "ஆனா இப்ப ரொம்ப நேரம் புடிக்க முடியல. உள்ள பாப்பாவுக்கும் காத்து வேணுமில்ல?"

"அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா."

"அவர்தானே லிஸ்ட் எடுக்கறார்?"

தமயந்தி அவள் கையைப் பிடித்தாள். கை சுட்டது. மருந்து உண்டு, வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே சாப்பிடலாம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லும்போதே மூன்று வாரம் என்ற எண்ணம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அன்றே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மறுநாள் முடிவு வந்தது. நோய் இருந்தது. முற்றவில்லை என்றார் டாக்டர். அன்றைக்கே மருந்து தொடங்கியது.

அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள் என்று நிவேதா கேட்டுக்கொண்டாள். தமயந்தி அவரை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி, வளாகத்தில் வேப்பமரத்தடியில் வைத்துச் சொன்னாள். சுந்தரவடிவேல் முழுவதும் கேட்டார். அவர் முதலில் கேட்ட கேள்வி இது.

"அந்த மாராள்கிட்ட இருந்துதான் வந்துச்சுங்களா?"

"இல்லீங்க சார். மாராளுக்கு இப்ப நோய் இல்ல. நிவேதாவுக்கு ஓசூர்லயே இருமல் இருந்திருக்கு."

அவர் திட்டில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, திறந்து, மூடினார்.

"கேமராவுல அவளையும் பாத்தனுங்க மேடம்," என்றார் கடைசியில். "அஞ்சேகாலுக்கு வந்து உக்காருறா. பாத்துட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். மறைக்கோணும்னு நெனைக்கல. சத்தியமாச் சொல்றேன், எழுதோணும்னே தோணல. நம்ம பொண்ணுதானேன்னு…" அவர் பேனாவைப் பையில் செருகினார். பிறகு, தமயந்தி எதிர்பார்த்திருந்த கேள்வியைக் கேட்டார். "எத்தன பேருக்குத் தெரியும்?"

"உங்களையும் சேத்து நாலு பேருக்குங்க."

நாலாவது யார் என்று அவர் கேட்கவில்லை. பிறகு தானாகவே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் ஆறுச்சாமியிடம் எதற்கோ பேசும்போது அவரை முதல்முறையாக 'வாங்க' என்றாராம்.

பின்வாசல் பாதையை நிறுத்திவிடலாம் என்று தமயந்தி நம்பினாள். நடக்கவில்லை. கமிட்டியில் பதினோரு பேர். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் அவர்கள் விடுவதாக இல்லை, காரணத்தைச் சொல்ல சுந்தரவடிவேலால் முடியவில்லை. மூன்று நாள் தமயந்தி வரைபடத்தின் முன் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். பெனாசிரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆறுச்சாமி செஞ்சத நான் ஒத்துக்க முடியாது தமா," என்றாள் பெனாசிர். "ஆனா நான் எழுதிக் கொடுத்த விதிய ஒழுங்காச் செஞ்ச ஒரே ஆள் அவர்தான் போல."

நான்காம் நாள் தமயந்தி வரைய ஆரம்பித்தாள். பின்வாசலுக்கு மட்டும் வரையவில்லை, முழுத் தோட்டத்துக்கும் சேர்த்தே வரைந்தாள். காவல்செடி இருக்கும் இடமெல்லாம் அதோடு கலந்து குரோட்டன்ஸ் வைத்தாள். சிவப்பும் மஞ்சளும் கருஞ்சிவப்புமாக எப்போதும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் சாதாரண குரோட்டன்ஸ். அவற்றில் சின்ன இலை உள்ளதாகப் பார்த்துப் பொறுக்கினாள். ஒரு காவல்செடி, இரண்டு குரோட்டன்ஸ், சில இடங்களில் மூன்று. நெருக்கி நட்டால் ஆறு மாதத்தில் ஒன்றோடொன்று பின்னிவிடும். தினமும் தொட்டுப் பார்க்கிற கைக்குத்தான் எது எது என்று தெரியும். வேலி எப்போதும் சிவந்தே இருக்கும்.

கூட்டத்தில் வரைபடத்தை விரித்ததும், "கலர் அருமையா இருக்குதே மேடம்" என்றார் பி பிளாக் நடராசன். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். சுந்தரவடிவேல் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தின் மேல் குனிந்தார். விரலால் ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுக்கொண்டே போனார். மூன்றாவது வளைவில் விரல் நின்றது. இந்த மனிதர் எதையும் சரிபார்க்காமல் விட்டதில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் புரிந்துகொண்டுவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது," என்றார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "இதயே வெச்சுக்கலாம்."

மழைக்காலம் முடிந்தது. நிவேதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ, ஆரோக்கியமாக இருந்தது. குரோட்டன்ஸ் பின்னிக்கொண்டு வளர்ந்தது. எதைப் பார்த்துப் பயப்படுவது என்று தெரியாமல்போனதாலோ என்னவோ, கொஞ்சம் கொஞ்சமாகப் பெஞ்சுகளில் மறுபடியும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். தமயந்தி வாரம் ஒருமுறை விடிந்ததும் போய் ஆறுச்சாமியோடு வேலியைத் தொட்டுப் பார்த்துவந்தாள். கிள்ளிய இலை ஒவ்வொன்றுக்கும் பெயர் இல்லாமல் தேதி மட்டும் போட்டுப் பெனாசிருக்குத் தெரிவித்தாள். அவளால் அதைத் தனியாக ஆறுச்சாமியின் தலையில் போட முடியவில்லை. சொல்லி அனுப்பியவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்களா என்ற கவலையில் அவளுக்குச் சரியாகத் தூக்கம் வராத நாட்கள் உண்டு.

மாராளை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டதாக சுந்தரவடிவேல் சொன்னார். ஆனால் வாட்ஸ்அப்பில் பரவிய அதன் படம் நானூறு போன்களில் இருந்தது. அங்கிருந்து எங்கெல்லாம் போனதோ.

தை மாதத்தில் ஒருநாள் காலை, கணபதி பேருந்து நிறுத்தத்தில் தமயந்தி அவளைப் பார்த்தாள். மெலிந்திருந்தாள். கையில் தூக்குப் பாத்திரம். வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடினாள்.

"மாராள்! உன்ன எங்கெல்லாம் தேடுனேன் தெரியுமா? திரும்பி வந்துரு. அது நீ இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வரலீங்க்கா," என்றாள் மாராள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "இப்ப சரவணம்பட்டிக்குப் பக்கத்துல புதுசா ஒரு பெரிய அபார்ட்மெண்டு கட்டியிருக்காங்கல்ல, அங்க போறனுங்க. எட்டு வீடு."

"நல்லா இருக்கா அங்க?"

மாராள் சாலையைப் பார்த்தாள். பஸ் இன்னும் வரவில்லை.

"அங்கயும் அந்தச் செடி வெச்சிருக்காங்கக்கா. வாசல்ல இருந்து வீடு வரைக்கும் வளைச்சு வளைச்சுப் பாதை, மரத்துக்குக் கீழ பெஞ்சு, பின்னால வேலி. உங்க தோட்டத்தப் பாத்துட்டு வந்துதான் போட்டாங்களாம். அச்சு அசலா அதே மாதிரி. நாங்க எல்லாம் மூச்சப் புடிச்சுட்டுத்தான் போறோம். போன வாரம் ஒரு எடத்துல செவந்துச்சு. கேமராவுல பாத்துட்டிருக்காங்க."

"உனக்குத்தான் நோய் சரியாயிடுச்சே. உன்னால செவக்காதும்மா."

"எனக்குச் சரியாயிடுச்சுங்க. எங்கூட வர்ற புள்ள ஒருத்தி ரெண்டு மாசமா இருமறா. சொன்னா கேக்கமாட்டேங்கறா, ஆசுபத்திரிக்குப் போனா வெளிய தெரிஞ்சுருமாம்." மாராள் அவள் முகத்தைப் பார்த்தாள். "அங்க ஆறுச்சாமியண்ணன் மாதிரி யாரும் இல்லீங்களே."

பஸ் வந்து நின்றது. மாராள் ஏறினாள். தமயந்தி வண்டியை நிறுத்திய இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். போய்ப் பூட்டக்கூட நேரமில்லை. சாவியைக் கைக்குள் இறுக்கியபடி, நகரத் தொடங்கிய பஸ்ஸின் படியில் காலை வைத்தாள்.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்கண்ணா," என்றாள் கண்டக்டரிடம். "நானும் வர்றேன்."